அப்பாவுக்கு ஊசி போடலாமா என்று நான் ஆராய்ந்த கதை

அரைகுறையாகத் தெரிந்தவனைக்கூட நம்பிவிடலாம். எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்பேன் என்று உட்கார்ந்திருப்பவனை நம்பக் கூடாது. கொரோனா காலத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பதவியில் நான்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. தடுப்பூசி வந்ததும், "போட்டுக்கலாமா கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். (ஏன் என்னிடம் கேட்டார் என்று இன்றுவரை புரியவில்லை. நான் விற்பது மோட்டார் பம்பு.)

"ஆராய்ஞ்சு சொல்றேனுங்கப்பா" என்றேன்.

ஆராய்ச்சி என்றால் செல்போன்தான். காலையில் ஒரு நிபுணர், ஊசிதான் உயிர் காக்கும் என்பார், நம்பிவிடுவேன். மத்தியானம் இன்னொருவர் மருந்துக் கம்பெனிகளின் கொள்ளை லாபத்தைப் பிட்டுப்பிட்டு வைப்பார், அவரையும் நம்பிவிடுவேன். சாயங்காலம் ஒருவர் வந்து ஊரடங்கே தப்பு என்பார். என் அறிவு பெருகிக்கொண்டே போனது. அப்பா வாசலைத் தாண்டாமல் அடைந்து கிடந்தார். அவருடைய நடைப்பயிற்சித் தோழர் ஒருவர் தொற்றில் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உதறல் எடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தத்தில் இருக்கும் இரண்டு டாக்டர்களையும் சாப்பிட அழைத்தேன். ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக் வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஊசிக் கட்சி. மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பா மகனுக்கு, மருந்துக் கம்பெனி என்றாலே மூக்கு சிவந்துவிடும். நடுவில் நான், நீதிபதியாக. (சலவை வேட்டி கட்டியிருந்தேன்.)

கம்பெனி, அரசாங்கம், ஊரடங்கு என்று வாதம் சூடு பிடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கோழிக் கொழம்பு ஆறிப்போகுதுங்க."

"தீர்ப்பு சொல்லிப்போட்டு வாரோம்" என்று அவளை அனுப்பிவிட்டு, தொண்டையைச் செருமினேன். "ஆக, மச்சான் போடச் சொல்றாருங்க. அண்ணன் வேண்டாங்கறாருங்க."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? கம்பெனிக்காரன் லாபத்தைக் கொறைக்கோணும், பக்கவிளைவை மறைக்காமச் சொல்லோணும்னேன். எங்கம்மாவுக்கு எப்பவோ போட்டாச்சு."

"கம்பெனிக்காரன் யோக்கியன்னு நானுஞ் சொல்லலீங்களே" என்றார் மச்சான். "மாமாவுக்கு இன்னுமா போடாம வெச்சிருக்கீங்க, மாப்ளே?"

நான் அப்பாவைத் தேடி எழுந்தேன். அறையில் ஆளில்லை. வாசல் கேட் திறந்தது. இடது கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு அப்பா வந்தார்.

"பக்கத்துப் பள்ளிக்கூடத்துலதான் கண்ணு முகாம். கூட்டமே இல்லை. ஊட்ல இன்னும் யாராச்சும் போடாம இருக்காங்களான்னு அந்த நர்சம்மா கேட்டுச்சு. உம்பேரச் சொல்லிப்போட்டேன்."

டாக்டர்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் மயங்கி விழுந்தேன். என் மயக்கம் ஊசியின் பக்கவிளைவு அல்ல என்பதில் இரண்டு நிபுணர்களுக்கும் துளிகூடக் கருத்து வேறுபாடு இல்லை. ஊசி அப்போது உறையைவிட்டே வெளியே வந்திருக்கவில்லை.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் பேசி முடித்துவிட்டு, "பொண்ணோட அப்பா என்ன சொல்றீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் அப்பா முந்திக்கொண்டார்.

"அவன் ரெண்டு பக்கமும் கேட்டுத்தானுங்க சொல்லுவான். நீங்க நாள் குறிச்சுப்போடுங்க."