மஞ்சள் எங்க மாடி, நீலம் அத்தை மாடி

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாடியைப் பரிசோதிக்க வர்ற இன்ஜினியருக்குக் கதவைத் திறந்துவிடணும்.

கதவை ஒழுங்காத்தான் திறந்தேன். அதோட நிறுத்தாம வாயையும் திறந்துட்டேன்.

விவகாரம் இதுதான். தச்சநல்லூர்ல எங்க வீடும் கோமதி அத்தை வீடும் ஒட்டிக்கிட்டு நிக்கும். தாத்தா கட்டின ஒரே வீடு. அப்பாவுக்கும் அப்பாவோட அக்காவுக்கும் ரெண்டாப் பிரிச்சது. மொட்டை மாடியில முழங்கால் உசரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் எங்க தளம். அந்தப் பக்கம் அத்தையோட தளம், அது நிறைய தொட்டி. கத்தரி, மணத்தக்காளி, பிரண்டைன்னு ஒரு குட்டித் தோப்பு.

அந்தச் சுவருக்கு நேர் கீழதான் என் ரூம். நேர் கீழன்னா, என் தலகாணிக்கு நேர் மேல. மழை பெஞ்சா சொட்டும்.

அம்மா தீர்ப்பு சொல்லியாச்சு. "ஐப்பசி மழைக்கு முன்னால கீழ வந்து ஹால்ல படு. அந்த ரூம்ல பாத்திரத்தை அடுக்கிக்கிடுதேன்."

ஹால்! முதுகலை படிக்கிற ஒரு பொண்ணு, ஆராய்ச்சி முறையியல் தாள்ல வகுப்புலயே முதல் மார்க் வாங்கின பொண்ணு, அப்பாவோட குறட்டைக்கும் அம்மாவோட சீரியலுக்கும் நடுவுல பாய் விரிக்கணுமாம். பால்காரர் வந்தா எந்திரிச்சு உக்காரணுமாம். வருஷக்கணக்கா வாதாடி வாங்கின ரூம் அது. பாத்திரத்துக்கு விட்டுக்கொடுப்பேனா?

"ஒழுகுறது நம்ம தளம் இல்லம்மா. அத்தை செடிக்கு ஊத்துற தண்ணி. தொட்டியை இறக்கச் சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்துச்சு. அத்தைக்குக் காது அப்படி.

"ஏட்டி காந்தி! எங்க மாடித் தட்டட்டியில ஒரு சொட்டு கீழ இறங்காது. உங்க அப்பனும் நானும் ஒரு வயித்துல பொறந்தவங்கதான். அதுக்காக உங்க வீட்டு ஒழுக்கலுக்கும் நான் பொறுப்பா?"

அப்பாகிட்ட முறையிட்டேன். "அவ எங்க அக்கா, அவகிட்ட என்னால பேச முடியாது. நீ என் மக, உன்கிட்டயும் என்னால பேச முடியாது. கடையில சரக்கு இறங்குது, நான் வாரேன்"னு செருப்பை மாட்டிட்டார்.

அதனாலதான் தொழில்முறை ஆளைக் கூப்பிட்டேன். என் கற்பனையில அவர் வருவார், மேல பாப்பார், அத்தை பக்கமா விரலை நீட்டுவார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போவார்.

வந்தவர் பேரு செல்வின். சாத்தான்குளத்துக்காரர். தலையில மஞ்சத் தொப்பி, கழுத்துல அட்டை, காலுல கனமான ஷூ.

அம்மா பதறிட்டாங்க. "எதுக்கு தம்பி தொப்பி? மேல எதுவும் விழுமா?"

"பாதுகாப்பு விதிமுறை, மேம்."

அம்மா திரும்பிப் பின்னால பாத்தாங்க, யாரு அந்த மேம்னு.

மாடிக்குப் போவார்னு பாத்தா, ரூம்ல உக்காந்து டாக்டர் மாதிரி விசாரிக்கார். "எவ்வளவு நாளா சொட்டுது? மழை நின்ன பிறகும் சொட்டுதா?"

"சொட்டும்! அதான் சொல்லுதேன், அத்தை செடிக்கு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும், மேம்."

கூப்பிட்டது நானு! என் வீட்லயே என்னை சாட்சிக் கூண்டுல ஏத்திட்டார்!

அடுத்து ஒரு சின்னக் கருவியைச் சுவர்ல வெச்சு ஈரம் பாத்தார். அதுக்கப்புறம்தான் மாடி. கையில ஒரு சின்னச் சுத்தியல். தளம் பூராவும் உக்காந்து உக்காந்து தட்டுதார். டங், டங்னு கேட்டா நல்ல தளமாம். டொப்புன்னு கேட்டா உள்ள பொக்காம்.

டங். டங். டங். டொப்.

நான் பலமா இருமினேன்.

டொப். டொப்.

எனக்குக் கக்குவான் இருமலே வந்துட்டுது.

பிரண்டைக்குப் பின்னாலிருந்து அத்தை எந்திரிச்சாங்க. எவ்வளவு நேரமா அங்கன உக்காந்திருந்தாங்களோ! "என்னமோ டொப்புன்னு கேட்டுச்சே?"

"அது அவரு ஷூ, அத்தை."

"ஷூ இல்ல மேம், உங்க தளம்"னார் செல்வின்.

நேர்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

தண்ணி போற ஓட்டையில கையை விட்டார். எங்க பக்கம் ஒரு இறகுப் பந்து, என்னோட ஒத்தை சாக்ஸ். அத்தை சிரிச்ச சிரிப்புல காக்கா பறந்துட்டு. "எங்க ஓட்டையைப் பாரும் தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கும்!"

செல்வின் சுவரைத் தாண்டிப் போய்க் கையை விட்டார். தொட்டி மண்ணு, தேங்காய் நாரு, கடைசியா ஒரு எவர்சில்வர் கரண்டி.

"மதினி! இது நான் போன பொங்கலுக்குத் தேடுன கரண்டில்லா!" அம்மா குரல் உடைஞ்சு போச்சு.

ஆக ஆட்டம் சமநிலை. செல்வின் தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டு, "எந்தப் பக்கம்னு தெரியணும்னா ஒரு சோதனை இருக்கு. சுவரோரமா சிமெண்டால வரப்புக் கட்டி, தண்ணி நிறுத்தி, அதுல சாயம் கலப்போம். கீழ சாயம் இறங்குதான்னு பாப்போம். இன்னைக்கு உங்க பக்கம், நாளைக்கு அவங்க பக்கம்"னார்.

அப்பத்தான் என் அறிவு விழிச்சுது.

"எதுக்கு ரெண்டு நாள்? ரெண்டு பக்கமும் இன்னைக்கே நிறுத்துங்க. எங்களுக்கு ஒரு கலர், அவங்களுக்கு ஒரு கலர். எந்தக் கலர் சொட்டுதோ அவங்க குத்தவாளி. ஒரே சோதனையில ரெண்டு கருதுகோள்!"

"வழக்கமா ஒவ்வொண்ணாத்தான் மேம் செய்வோம். ரெண்டும் சேந்து வந்துட்டா..."

"எப்படி வரும்? ஒழுகுறது ஒரு பக்கம்தானே!"

"அது எந்தப் பக்கம்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க"ன்னாங்க அத்தை. வாழ்க்கையில முதல் தடவையா நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. செல்வின் தனி ஆளு. தோத்துப் போனார்.

பந்தயமும் பேசிக்கிட்டோம். எங்க கலர் சொட்டினா நான் ரூமைக் காலி பண்ணணும். அத்தை கலர் சொட்டினா தோப்பு மொத்தமும் மாடியை விட்டு இறங்கணும்.

செல்வின்கிட்ட இருந்தது மஞ்சச் சாயம் மட்டும்தான். அதை எங்களுக்கு எடுத்துக்கிட்டேன். அத்தை கீழ போய்த் துணிக்குப் போடுற சொட்டு நீலத்தை பாட்டிலோட கொண்டு வந்து, "வெள்ளை மனசுக்காரிக்கு நீலந்தான் சரி"ன்னு கவுத்தாங்க.

தண்ணிக்கு அம்மா சம்மதிக்கல. "குடிக்கிற ஆத்துத் தண்ணியையா மாடியில கொட்டப் போறீங்க?" மோட்டாரைப் போட்டு போர் தண்ணியை ஏத்தினோம். சுவருக்கு இந்தப் பக்கம் மஞ்சக் குளம், அந்தப் பக்கம் நீலக் குளம். பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

சாட்சியம் தெளிவா இருக்கணுமே! கட்டில் மேல வெள்ளைத் துணி விரிக்கணும்னு தோணுச்சு. பீரோவுல இருந்ததுலேயே வெள்ளையா இருந்த துணியை எடுத்து விரிச்சேன். கரைகூடப் பொடிசா, இருக்கிற இடம் தெரியாது. ஆராய்ச்சிக்குன்னே நெய்த மாதிரி இருந்துச்சு.

பிறகு காத்திருப்பு. கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அத்தை, நடுவுல செல்வின். மூணு பேரும் கழுத்தை அண்ணாந்துக்கிட்டு. அம்மா காபியைக் கையில கொடுத்தா, யாரும் குனிஞ்சு வாங்கத் தயாரா இல்ல. குனியுற நேரம் சொட்டிட்டா?

மத்தியானம் ஆச்சு. சொட்டல. அத்தை கூரையைப் பாத்துக்கிட்டே ரசஞ்சோறு சாப்பிட்டாங்க. பாதி சோறு சேலைக்குப் போச்சு.

சாயங்காலம் மூலையில ஈரம் படிஞ்சுது. ஒரு துளி உருண்டு திரண்டு, பைய நீண்டுச்சு.

"மஞ்ச!"ன்னாங்க அத்தை.

"நீலம்!"னேன் நான்.

டப்.

துணியில விழுந்துச்சு. குனிஞ்சு பாத்தோம்.

பச்சை.

அடுத்த துளி. அதுவும் பச்சை. நல்ல கிளிப்பச்சை.

"ஏட்டி, நாம பச்சை ஊத்தவே இல்லையே!" அத்தைக்குக் குரல் இறங்கிட்டுது.

நாள் பூராவும் "மேம்" தவிர வேற பேசாத செல்வின் தொப்பியைக் கழட்டினார். சாத்தான்குளம் வெளிய வந்துட்டுது. "எக்கா, இதைத்தான காலையிலேந்து சொல்லுதேன்! ரெண்டு தளமும் ஒழுகுது. சுவருக்கு அடியில ஒண்ணாச் சேந்து இங்கன இறங்குது. மஞ்சளும் நீலமும் சேந்தா வேற என்ன வரும்?"

எங்களுக்கா பதில் இருக்காது?

"இருந்தாலும் இதுல நீலந்தான் தூக்கலா இருக்கு"ன்னேன்.

"கண்ணைத் தொடச்சுட்டுப் பாரு. எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு. முக்கால்வாசி மஞ்ச!"

"முக்காலா? அத்தை, நீங்க பாட்டிலையே கவுத்தீங்க!"

இந்த வாதம் சூடுபிடிச்ச நேரத்துலதான் அப்பா கடையிலேந்து வந்து பீரோவைத் திறந்தார். கூட்டாளியோட புதுக்கடை திறப்பு விழா. "காந்தி, என் புது வேட்டி எங்க?"

அத்தை அவங்க வீட்டுக்குப் போன வேகத்தை நான் இதுக்கு முன்னால பாத்ததில்ல. செல்வினுக்கு அவசரமா எங்கயோ அழைப்பு வந்துட்டுது. கட்டிலும் நானும் வேட்டியும்தான் மிச்சம்.

அப்பா திட்டவே இல்ல. நேரமாச்சுன்னு அதையே உதறிக் கட்டிக்கிட்டுப் போனார். பச்சை தெரியாம இருக்க மடிச்சுக் கட்டினா, அது இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. விழாவுல ஆளாளுக்குக் கேட்டிருக்காங்க: "என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டீரா? சொல்லவே இல்லையே வே!" ஒருத்தர் வாழ்த்துச் சொல்லி மாலையே போட்டுட்டாராம்.

இன்னைக்கு செல்வின் அறிக்கை வந்துச்சு. ரெண்டு தளத்தையும் ஒண்ணாக் கொத்தி, சுவர் இணைப்பையும் சேத்துச் சரிபண்ணணுமாம். தனித்தனியாச் செஞ்சா மறுபடி ஒழுகுமாம். பந்தயத்துல ரெண்டு பேருமே தோத்தாச்சு. வேலை முடியுறவரைக்கும் என் ரூம் காலி. அத்தை தோப்பும் காலி.

அந்தத் தொட்டியெல்லாம் அத்தை வீட்ல வெயில் விழாதுன்னு எங்க வீட்டு ஹாலுக்கு வந்துட்டுது. நான் படுக்க வேண்டிய இடத்துல கத்தரிக்காய் காய்ச்சு நிக்குது. இடம் இல்லாம நான் அத்தை வீட்டு ஹால்ல படுத்திருக்கேன். மத்தியானத் தூக்கத்துலயே அத்தையும் குறட்டை விட்டாங்க. எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்கல்லா!

இதை எழுதுறப்போகூட, "ஏட்டி, அதுல மஞ்சதான் ஜாஸ்தின்னு எழுது"ன்னு தோளுக்கு மேல எட்டிப் பாக்காங்க.

ஆராய்ச்சி முறையியல்ல முதல் மார்க் வாங்கி என்ன, யுகேஜி டிராயிங் கிளாஸ்ல தூங்காம இருந்திருக்கணும்.