இடது கை சர்வீஸும் கஞ்சி போட்ட தாவணியும்

தோற்றுப்போன ஆட்டத்துக்கு யாரும் துணியைக் குற்றம் சொல்வதில்லை, ஆடியவளைத்தான் சொல்வார்கள். நாற்பது வருஷமாக நான் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பேச்சுக்கெல்லாம் காரணம் ஒரு தாவணிதான். இதை இங்கே அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கண்ணமங்கலத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வாலிபால் அணியில் நான் ஒருத்திதான் இடது கைக்காரி. (எங்கள் தெருவில் அதைப் பீச்சாங்கை என்பார்கள். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதித் திட்டலாம்.) பையன்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கி, பந்தை ஓங்கி அறைந்து சர்வீஸ் போடுவார்கள். அதுதான் ஓவர் ஆர்ம். நாங்களோ பந்தை இடுப்பருகே வைத்துக்கொண்டு, கீழிருந்து கையை வீசித் தட்டிவிட வேண்டும். ஏன் என்று டிரில் மாஸ்டரிடம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ள கைய அவ்ளோ தூக்குனா பாக்க நல்லாவா இருக்கும்? கீழேர்ந்தே போடு. பந்து அந்தாண்ட போனா போதும்."

பார்க்க நன்றாக இருப்பதற்கும் புள்ளி எடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆத்திரத்தில் அப்பாவின் உரக்கடைச் சுவரில் மாதக்கணக்காக ஓவர் ஆர்ம் அடித்துப் பழகினேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர, அப்பாவின் மனம் இளகவில்லை. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பெண்களோடு ஆட்டம், ஜெயித்தால் வேலூரில் ஜில்லா போட்டி என்றதும் அவரும் கூடவே கிளம்பிவிட்டார். கிளம்பும்போதே ஒரு நிபந்தனை.

"ஜெயிச்சா வேலூர் போய் ஆடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தோத்துட்டேன்னு வெச்சிக்க, அத்தோட பந்த மறந்துடணும். இன்னா?"

"சரிப்பா" என்றேன். எதிரில் ஆடப்போகிறவர்கள் யாரென்று தெரியாத தைரியம்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் தெரிந்துவிட்டது. சாமைக் கொல்லையில் கிளி விரட்டக் கவண் சுற்றிப் பழகிய பெண்கள். தாவணி முனையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தார்கள். ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் ஓவர் ஆர்ம். நாங்களும் அப்படியே முடிந்துகொள்கிறோம் என்று கேட்டதும் மாஸ்டர் பதறிப்போனார்.

"களை எடுக்கவா வந்தோம்? ஊர் மானத்த வாங்காதீங்க. டீசண்டா பின் குத்துங்க."

குத்தினோம். என் தாவணிக்கு அம்மா முதல் நாளே கஞ்சி போட்டு அப்பளம் மாதிரி விறைப்பாக்கியிருந்தாள். இடது தோளில் மடிப்புக் கலையாமல் ஒரே ஒரு ஊக்கு. (ஜீப் கண்ணாடியில் பார்த்து நானே சொக்கிப்போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) தாவணியைக் கண்டுபிடித்த மகானுக்கு, இடது கையால் வேலை செய்கிற ஜென்மங்களும் உண்டு என்பது தெரியாது போலிருக்கிறது.

முட்டி மோதிக் கடைசிவரை வந்துவிட்டோம். இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வேலூர். சர்வீஸ் என்னுடையது. கேப்டன் சாந்தி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கீழேர்ந்தே போடுடி. வம்பு வேணாம்."

"அத்த அவளுங்க கண்ண மூடிக்கினே எடுப்பாளுங்க" என்றேன்.

மைதான ஓரத்துப் பெஞ்சில் அப்பா. விருந்தாளியாயிற்றே என்று பலாப்பழம் அறுத்து, ஒரு தட்டு நிறையச் சுளையை அவர் மடியில் வைத்திருந்தார்கள்.

வலது கையால் பந்தை மேலே போட்டேன். இடது கையைத் தூக்கினேன். தோளில் ஊக்கு பட்டென்று பிய்ந்தது. அந்த நேரம் பார்த்தா மலைக்காற்று வீச வேண்டும்? தாவணி அப்படியே எழும்பி என் தலையில் கவிழ்ந்தது. உலகமே ஊதா நிறமாகிவிட்டது. ஆனால் ஓங்கிய கை ஓங்கியதுதான். அப்படி ஓர் அடி அதற்கு முன்னும் பின்னும் நான் அடித்ததில்லை.

முக்காட்டை விலக்கிப் பார்த்தால், பந்து அப்பாவின் தட்டில் இறங்கியிருந்தது. பலாப்பால் வெள்ளை வேட்டி முழுக்க அப்பியிருந்தது. மீசையில் கொஞ்சம் சக்கை. மலையே விழுந்து விழுந்து சிரித்தது.

சர்வீஸ் அவர்களுக்கு மாறியது. மளமளவென்று அடித்து ஜெயித்துவிட்டார்கள்.

"இதுக்குத்தான் கைய தூக்காதன்னு தலதலயா அடிச்சிக்கினேன்" என்றார் மாஸ்டர். கையா காரணம்? முடிந்துகொள்ள விட்டிருந்தால் பந்து எதிர்ப்பக்கம்தானே விழுந்திருக்கும்! அப்பா வீட்டு வாசலில் இறங்கும்போது "மறந்துடு" என்றார். அதன்பிறகு நான் பந்தைத் தொடவில்லை.

சில வருஷம் கழித்து என் கல்யாணம். மாப்பிள்ளை என்னைவிட ஒரு முழம் உயரம். மாலை போடக் கையைத் தூக்கினேன். முன்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது:

"தட்டு வெச்சிருக்கறவங்க பத்திரம்பா! கைய தூக்கறா!"

மண்டபம் அதிரச் சிரிப்பு. ஆடவிடாமல் செய்த மனுஷர் சிரிப்பதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓரடி பின்னால் போய், மாலையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்தே வீசினேன். நேராக மாப்பிள்ளை கழுத்தில் போய் விழுந்தது.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இந்தக் கதையைச் சொல்லாமல் சோறு போட விடமாட்டார். நான் பரணில் இருந்து டப்பா எடுத்தால்கூடப் பேரக்குழந்தைகள் தட்டை நகர்த்துகிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு மாலை விழுந்ததும் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த சித்தப்பாவிடம் "வேலூருக்கு அனுப்பிச்சிருக்கலாம்பா" என்றாராம். அதை என்னிடம் சொல்ல மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.