மூன்று சின்ன ஹார்ன்

ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து ஹார்ன் பொத்தானைக் கழற்றியதும் ஒரு ஸ்பிரிங் துள்ளி நூலகரின் மடியில் விழுந்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஹார்ன் அடிக்கவில்லை என்பதைத் தவிர.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது அடித்தாக வேண்டும். மனைவி நாலு நாளாகத் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். போகும்போது சண்டைகூடப் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னாள்:

"நான் பக்கத்துல நின்னாக்கூட உங்க கண்ணுக்குத் தெரியறதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி இதே கார்ல வந்து வாசல்ல மூணு தடவை சின்னதா ஹார்ன் அடிப்பீங்களே, ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அது எனக்குக் கேக்கணும். இல்லேன்னா இங்கயே இருந்துடறேன்."

ஷெட்டின் கூரை ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாக இறங்கி, பழைய தோல் சீட்டின்மேல் மிதந்துகொண்டிருந்தது. அந்த சீட்டில் உட்கார்ந்தாலே மனுஷனுக்கு முப்பது வயசு குறைந்துவிடும். பாதி நேரம் இங்கே இருப்பார், பாதி நேரம் அந்தப் பழைய வாசலில் இருப்பார்.

பொத்தான், ஸ்பிரிங், பித்தளைக் கிண்ணம், சிவப்பு வாஷர், மூன்று திருகாணி என்று கைக்குட்டையில் வரிசையாக வைத்தார். பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு நிமிர்ந்தால், ஹார்ன் வயர் சர்ரென்று ஸ்டியரிங் தண்டுக்குள் இறங்கிவிட்டது. உள்ளே எட்டிப் பார்க்க, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருகினார். திரும்பாமலே பின்சீட்டுக் கருவிப் பெட்டிக்குக் கையை நீட்டினார்; மூக்குக் குறடு உடனே அகப்பட்டது. எப்போதும் அரை மணி நேரம் தேடவைக்கிற குறடு அது. இன்றைக்கு நல்ல நேரம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வயரை இழுத்து மாட்டிப் பொத்தானை அழுத்தினார். சத்தம் வந்தது! ஆனால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அதுவாகவே அலறியது. குறடு பட்டு வயரின் தோல் உரிந்திருந்தது. டேப் சுற்றினால் போதும். ஆனால் கிழிந்த புத்தகங்களுக்கு முதுகு ஒட்டியே பழகிய கை, சும்மா விடுமா? நாலு சுற்றுச் சுற்றித் தடவிக் கொடுத்தது. அந்தத் தடிமனில் பொத்தான் சிக்கிக்கொண்டு, ஹார்ன் நிற்காமல் கத்த ஆரம்பித்தது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்.

பக்கத்து சீட்டில் ஒரு தம்ளர் டீ ஆவி பறக்க இருந்தது. எப்போது போட்டோம் என்று ஞாபகம் வரவில்லை. நம் கைக்கு இவ்வளவு ருசியா என்று மட்டும் வியந்தபடி குடித்துவிட்டு, இரண்டு நிமிஷம் கண்ணை மூடினார்.

"சிவப்பு வாஷரை விட்டுட்டீங்க."

மனைவியின் குரல் அப்படியே காதுக்குள் கேட்டது. ஆள் வீட்டில் இல்லாவிட்டாலும் மண்டைக்குள் உட்கார்ந்து குறை சொல்கிறாளே என்று நினைத்தார். அவள் இல்லாத நாலு நாளும் நாளாகவே இல்லை.

"தெரியும்மா, தெரியும்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? வாஷரைக் காணோம். வேலைக்கு நடுவே புரட்டிய ஏதோ ஒரு புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துவிட்டிருக்கிறார். எந்தப் புத்தகம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். பழைய அட்டை ஒன்றை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டு அழுத்தினார். பீப், பீப், பீப். முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே சத்தம்! கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் திருகாணிகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். அட்டை நசுங்கியது. ஹார்ன் மறுபடியும் கத்த ஆரம்பித்து, இந்தத் தடவை எதற்கும் மசியவில்லை.

மணி நாலே முக்கால். நிற்காத ஹார்னிலும் மூன்று ஹார்ன் இருக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காரைக் கிளப்பினார்.

வாரம் ஆறு நாளும் "சத்தம் போடாதீங்க" என்று ஊரையே அடக்கி வைத்திருப்பவர், ஏழாம் நாள் மொத்த ஊரையும் ஜன்னலுக்கு இழுத்தார். பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. போக்குவரத்துக் காவலர் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து சல்யூட் அடித்தார்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினார். தெருவே வெளியே வந்தது. மனைவி மட்டும் வரவில்லை. இறங்கி, பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கினார். தெரு அமைதியானது.

"வந்துட்டேன்மா" என்று மூடியிருந்த கதவைப் பார்த்துக் குரல் உடையச் சொன்னார். "இனிமே உன்னைக் கவனிக்காம இருக்கமாட்டேன். வெளிய வா."

கதவைத் திறந்துகொண்டு மச்சினி வந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் காரைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்ன அத்தான், மனசு கேக்கலன்னு காலைலயே அக்கா உங்ககிட்ட வந்துட்டாளே, அதுக்குள்ள பின்சீட்டுல உக்கார வச்சுத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?"