அன்ரி பின்னேரம் வரைக்கும் தாங்கிறது கஷ்டம்

ஓ.எல். வரை படித்த எனக்கு ரசாயனம் பற்றி எழுத ஒரு தகுதியும் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு ரசாயனத்துக்கு மலர்வளையம் வாங்கிய ஆள் ரொறன்ரோவிலேயே நான் ஒருவன்தான்.

ரெக்ஸ்டேலில் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலையில் வேலை. குழாய்த் தண்ணீரை மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிப்போம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் படிவதுபோலச் சுண்ணாம்பு அந்தச் சவ்விலும் படியும். படியாமல் இருக்க முன்கூட்டியே ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பெயர் அன்ரிஸ்கேலன்ட். அப்போது எனக்கு அது நான் நிரப்பவேண்டிய வெறும் ‘நீல ட்ரம்’. (பெயரைக் கேட்கக் கூச்சம்.)

நெடுநாள் வேலையில்லாமல் இருந்த என்னை அங்கே சேர்த்துவிட்டவர் மேலாளர் நேசன் அண்ணையின் மாமியார். எங்கள் எல்லாருக்கும் அவர் அன்ரி. அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியால் வீடு வந்திருந்தார். என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. இதையும் தொலைத்தால் மனைவியின் முகத்தில் விழிக்க முடியாது.

ஒரு காலை நேசன் அண்ணை வெளியிலிருந்து போன் எடுத்தார்.

“தம்பி, அன்ரி பின்னேரம் வரைக்கும் தாங்கிறது கஷ்டம். உடன போய்ப் பார்.”

“ஓம் அண்ணை.” (திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது நானா?)

இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுப் புறப்பட்டேன். பஸ், ரயில், மறுபடி பஸ். நான் போய்ச் சேர்வதற்குள் எப்படியும் முடிந்துவிடும் என்று முன்யோசனையாக மலர்வளையமே வாங்கினேன்.

அன்ரி குடியிருக்கும் டோர்செட் பார்க்கில் மாடி ஏறித் தட்டினேன். கதவைத் திறந்தது அன்ரி. கையில் பாதி கடித்த மட்டன் ரோல்.

“ஆருக்குத் தம்பி வளையம்?”

“உங்களுக்குத்தான் அன்ரி.”

“எனக்கோ? நான் எப்ப செத்தனான்?”

“பின்னேரம் எண்டு நேசன் அண்ணை சொன்னவர்.”

அன்ரி போனைத் தூக்கினார். “நேசன், என்னைப் பின்னேரத்துக்குள்ள அனுப்பப் போறீரோ?”

மறுமுனையில் அவர் அலறியது எனக்கும் கேட்டது. “ஐயோ மாமி, நான் சொன்னது ட்ரம்மில இருக்கிற அன்ரி! உவன் அங்க நிண்டால் தொழிற்சாலையில மருந்து ஆர் ஊத்தினது?”

ஒருவரும் ஊற்றவில்லை. திரும்பிப் போனபோது ட்ரம் வறண்டு, சவ்வில் சுண்ணாம்பு ஏறி, அழுத்தமானி உச்சியில் நின்றது. நல்ல தண்ணீர் நூல்போல ஒழுகியது. நான் என் பையை எடுத்தேன்.

நேசன் அண்ணை பல்லைக் கடித்தார். “உன்னை நிப்பாட்டினால் மாமி சாப்பிடமாட்டாவாம். இவ்வளவு நேரமும் போனில உதுதான். பையை வை.”

இன்றைக்கும் கலியாண வீடுகளில் அன்ரி என்னைக் கண்டால், “தம்பி, நான் பின்னேரம் வரைக்கும் தாங்குவன். நீ ஆறுதலாச் சாப்பிடு” என்பார். என் மனைவிதான் முதலில் சிரிப்பாள்.

அந்த மலர்வளையத்துக்கு அடுத்த நாள் மெம்பிரேன்களை அமிலக் கரைசல் விட்டுக் கழுவினோம். ஒன்று தேறவில்லை, மாற்றினோம். மற்றவற்றில் தண்ணீர் வந்தது.