மாமனாரை ஒசாகாவுக்குக் கொடுக்கப் பார்த்த கதை

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசுகிற மனிதனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். இதை நான் கற்றுக்கொண்டது என் கொழுந்தியாளின் நிச்சயதார்த்தத்தன்று, பூதப்பாண்டியில், மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் முன்னிலையில்.

நான் பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதே கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. இணையத்தில் ஒரு லீக். ஆட்டக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் பெற்றுப்போட்ட பிள்ளைகள். அவர்களுக்கு வயது ஏறும், முட்டி வலிக்கும். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாரைக் கொடுத்து யாரை எடுப்பது என்பதெல்லாம் அணி உரிமையாளர்களாகிய எங்கள் வேலை. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடி, வரி வரியாகத் திரையில் எழுதிக் காட்டும். உரிமையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்காக்காரர்கள். ஒசாகாவில் ஒருவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பேர்.

இரண்டாமவன் சாகுல், என் கல்லூரித் தோழன். குளச்சலில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வளைகுடாவில் வேலை பார்த்தபோது அவனைப் பிடித்த இந்த வியாதியை எனக்கும் ஒட்ட வைத்தவன். அவனுடைய அணி குளச்சல் சுறாக்கள். என்னுடையது பூதப்பாண்டி யானைகள்.

புது ஆட்டக்காரனுக்கு நாமே பெயர் வைக்கலாம். என் அணிக்கு ஒருவன் வந்து சேர்ந்தான். பெரிய உடம்பு, மெதுவான நடை, அடித்தால் பந்து ஊர் தாண்டிப் போகும். பார்த்ததும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான என் மாமனார்தான் நினைவுக்கு வந்தார். தங்கப்பன் என்று அவர் பெயரையே வைத்துவிட்டேன். மரியாதைக்குத்தான். (வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மரியாதை அந்த அளவோடு நின்றது.)

அந்த சீசனில் தங்கப்பன் ஐம்பத்தேழு ஹோம் ரன் அடித்திருந்தான். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லீக்கின் சாதனையும் ஐம்பத்தேழுதான். இன்னும் ஒன்று அடித்தால் சாதனை அவனுக்கு. அதோடு, முதலிடத்தில் யானைகளும் சுறாக்களும் சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு அணிக்கும் நேருக்கு நேர். ஞாயிறு காலை பத்தரை மணி.

நிச்சயதார்த்தமும் அதே ஞாயிறு. பதினொன்றேமுக்காலுக்குள் தாம்பூலம் மாற்றியாக வேண்டும்.

என் மனைவி சுஜா எனக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வேலை. வாசலில் நின்று வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும். மணவாளக்குறிச்சியிலிருந்து வேன் வந்தது. சிரித்தேன். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் நழுவி, சமையல்காரர்கள் வாழையிலை அடுக்கியிருந்த இடத்தில் ஒரு துணி மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு சாகுலைக் கூப்பிட்டேன். (மறைப்புக்கு அந்தப் பக்கம்தான் மாப்பிள்ளை வீட்டாரின் நாற்காலிகள் என்பதைக் கவனித்திருக்கலாம்.)

“மக்கா, உனக்க தங்கப்பன் மூணு தடவ வந்து மூணு தடவையும் அவுட்டு. கண்டியா?” என்றான் சாகுல்.

“கண்டேன். தங்கப்பனுக்கு வயசாச்சுல்லா. கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஓடச் சொன்னா நடக்கான்.”

“அடுத்த சீசனுக்கு வெச்சிருப்பியா?”

“எதுக்கு? இன்னைக்கு அவனுக்கு ஒரு பேரு கிடைச்சாப் போதும், தள்ளிவிட்டிருவேன். ஒசாகாக்காரன் கேட்டுட்டே இருக்கான். தங்கப்பனைக் கொடுத்துட்டு ரெண்டு சின்னப் பயலுவள எடுத்துப் போடலாம்.”

“பாவம்லே.”

“என்ன பாவம்? இத்தன வருசம் வெச்சுப் பாத்தாச்சு.”

துணி விலகியது. சுஜா நின்றாள்.

“அப்பா விளிக்காவ,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பத்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கூடத்தில் நாதஸ்வரக்காரர்கூட நிறுத்தியிருந்தார். மாமனார் நடு நாற்காலியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிளே,” என்றார். “என்னைய எங்க கொடுக்கப் போறீரு?”

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “ஒசாகான்னா எங்க, மார்த்தாண்டத்துக்கு அங்கோடியா?” என்று கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

நான் விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாக எதையும் விளக்கியதில்லை. லீக் என்றேன், யானை என்றேன், இந்தத் தங்கப்பன் வேறு, உங்களுக்கு முட்டிவலி இல்லை, அவனுக்குத்தான் என்றேன். (மாமனாருக்கும் முட்டிவலி உண்டு.) கடைசியில் புது மாப்பிள்ளைதான் என்னைக் காப்பாற்றினான். எழுந்து வந்து என் போனை வாங்கிப் பார்த்து, “மாமா, கம்ப்யூட்டர் கேமாக்கும். ஒங்க பேரு இதுல இருக்கு. அம்பத்தேழு சிக்ஸர் அடிச்சிருக்கீய,” என்றான்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எனக்க பேரா?”

“ஆமா மாமா. மரியாதைக்கு வெச்சேன்.”

“மரியாதைக்கு வெச்சிட்டா கொடுக்கப் பாத்தீரு?” என்றவர், திரையை இன்னும் கிட்டே கொண்டுபோனார். “இப்ப என்ன நடக்குவு?”

நடந்தது இதுதான். கடைசிச் சுற்று. சுறாக்கள் ஒரு ஓட்டம் முன்னால். எங்களுக்கு இரண்டு பேர் அவுட். ஒருவன் பாதி வழியில் நிற்கிறான். அடிக்க வருவது தங்கப்பன். ஒரு ஹோம் ரன் அடித்தால் சாதனையும் எங்களுக்கு, முதலிடமும் எங்களுக்கு. ஆனால் பந்து வீசுகிறவன் இடக்கைக்காரன். இடக்கைக்காரர்களிடம் தங்கப்பன் தடுமாறுவான். புத்தியுள்ளவன் எவனும் அவனை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்குவான். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. போனை மாமனார் கையிலிருந்து வாங்கியதும் என் கட்டைவிரல் அதன்மேல் போய்விட்டது.

“மாத்து மக்கா, மாத்து,” என்று, தான் எதிரணி என்பதையே மறந்துவிட்டு, போனுக்குள்ளிருந்து சாகுல் சொன்னான். யாரோ ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்கள். “மாமா கேக்காருன்னு பாக்காத.”

மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார். “வந்தவியள எழுப்பி விடுகது மரியாதயில்ல கேட்டியளா.”

மாமனார் என் கையைப் பார்த்தார். “நிக்கட்டு,” என்றார்.

விரலை எடுத்தேன்.

தங்கப்பன் முதல் பந்தை அடிக்காமல் விட்டான். இரண்டாவதற்கு மட்டையைச் சுழற்றினான், படவில்லை. மூன்றாவது வரி வந்தபோது கூடமே போனின் மேல் குனிந்தது: தங்கப்பன் ஓங்கி அடித்தான், பந்து மிக உயரே போகிறது, இடது ஓரமாகப் போகிறது, அரங்கத்தைத் தாண்டுகிறது... கோட்டுக்கு வெளியே. ஒரு முழம் உள்ளே விழுந்திருந்தால் சரித்திரம். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். மணப்பெண் தலையில் பூவைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நான்காவது பந்தை விட்டான். ஐந்தாவது பந்து.

தங்கப்பன் மட்டையை அசைக்கவே இல்லை. நேராக வந்த பந்து, மூன்றாவது தவறு. அவுட். ஆட்டம் முடிந்தது.

போனுக்குள் சாகுல் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஞாபகம் வந்தவன்போலக் குரலைத் தாழ்த்தி, “மாமாவை வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு மக்கா,” என்றான்.

“நானா இருந்தா அடிச்சிருப்பேன்,” என்றார் மாமனார்.

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. தாம்பூலத் தட்டை ஓட்டமாக ஓடி மாற்றினோம். அந்த நேரத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்பட ஒருவர்கூடத் தட்டைப் பார்க்கவில்லை. சுஜா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கப்பனை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கிற தைரியம் எவனுக்கு இருக்கிறது? ஆனால் அடுத்த சீசன் தொடங்குமுன்னே மாமனார் தானாகவே பஸ் ஏறிக் குளச்சலுக்குப் போய், சாகுல் கடையில் அரைநாள் உட்கார்ந்து, தனக்கென ஓர் அணியோடு திரும்பி வந்தார். அதில் இருக்கிற ஓர் இளம் ஆட்டக்காரனுக்கு என் பெயரை வைத்திருக்கிறார். நன்றாக ஓடுவான், தோளில் பலம் உண்டு என்று அவனுடைய குறிப்பு சொல்கிறது. இன்றுவரை ஓர் ஆட்டத்தில்கூட அவனை இறக்கவில்லை.

எந்த விசேஷ வீட்டில் சேர்ந்தாலும், இலை போடும் நேரம் பார்த்து, அன்றைய மாப்பிள்ளையான என் சகலை எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பிப்பான்: “மாமா, அண்ணனை எப்ப எறக்கப் போறீய?”

மாமனார் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

“இருக்கட்டு. நல்ல பயதான். வாய்தான் கொஞ்சம் கூடுதலாக்கும்.”