வடம் டீச்சர் மீது ஒரு மொட்டை மனு

காஞ்சிபுரத்தில் பெருமாள் வீதியுலா வந்தால்கூட ஓரமாகப் புகுந்து போகப் பார்க்கும் ஆட்டோக்காரர்கள், வடம் டீச்சர் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இதில் மிகை எதுவும் இல்லை. அணைக்காத ஆட்டோவுக்கு முன்னால் அவர் குடையை விரித்துக்கொண்டு நிற்பார். விரித்த குடைக்கு இரண்டு பக்கமும் டீச்சர் தெரிவார். அவ்வளவு விசாலமான உடம்பு.

எங்கள் தெருக்கோடி அங்கன்வாடியின் டீச்சர் அவர். அவருக்கென்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலை பத்தேகாலுக்கு, வரிசையாக முடிச்சுப் போட்ட ஒரு நீளக் கயிற்றோடு தெருவுக்கு வருவார். முடிச்சுக்கு ஒரு குழந்தை. மொத்தம் பதினெட்டு, எல்லாம் மூன்று நான்கு வயது. தேர் வடம் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டு வரும். ஒரே வித்தியாசம், இங்கே தேர் முன்னால் போகும்.

ஊர்வலம் சும்மாவும் போகாது. கடைக்குக் கடை நிற்கும். குழந்தைகள் கேள்வி கேட்கும், கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். சாவி செய்யும் பாயிடம் ஒரு சிறுமி, "சாவிக்கு ஏன் பல்லு இருக்குது?" என்றாள்.

"கடிக்கத்தான்" என்றார் பாய்.

"தமாஷ் வேணாம் பாய். கொழந்த கேக்குது இல்ல, ஒழுங்கா சொல்லுங்க" என்று டீச்சர் குடையைத் தரையில் ஊன்றினார். பாய் ஒரு நல்ல பூட்டைப் பிரித்து உள்ளே காட்டவேண்டியதாயிற்று. "நாளைக்கு இதுங்க எங்கனா பூட்டத் தொறந்தா போலீசு என்னத்தான் டீச்சர் தேடி வரும்" என்று புலம்பிக்கொண்டேதான் காட்டினார். பதில் தெரியாத கடைக்காரர்கள் பத்தேகாலுக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒருமுறை முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம் பட்டுக்கடை வாசலில் இவர்களிடம் மாட்டிக்கொண்டது. உம்மென்று நின்ற மணப்பெண்ணைப் பார்த்து ஒரு பொடியன், "அக்கா, உனக்குப் புடவ புடிக்கலையா, மாமாவப் புடிக்கலையா?" என்றான். பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கவில்லை.

நானும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று வயதில் குழந்தை சம்மணமிட்டு உட்காரவேண்டும், நான்கு வயதில் எழுதவேண்டும் என்பது என் கொள்கை. என் வீட்டு மாதுளைச் செடியில் அணில் இருந்ததால் ஊர்வலம் என் வாசலிலும் நிற்கும். "தாத்தா, உன் காதுல ஏன் புல்லு மொளைச்சிக்கினு இருக்குது?" என்று ஒரு குழந்தை கேட்ட அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுங்களுக்கு அ, ஆ தெரியுமா டீச்சர்?" என்றேன்.

"அது பள்ளிக்கூடத்துல நீங்க கத்துக் குடுக்கறது சார். எல்லாத்தையும் நானே முடிச்சிட்டா வாத்தியாருங்க என்னா பண்ணுவாங்க?"

அன்றே மனு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரம் ஜன்னலோரம் கடிகாரமும் நோட்டுமாக இருந்து, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த வாசலில் நேரத்தை வீணடித்தார்கள் என்று குறித்தேன். பதினோரு பக்கம். பரீட்சைத் தாளில் பெயர் எழுத மறந்த பையன்களை வெயிலில் நிற்க வைத்தவன், என் பெயரை எழுதாமல் அங்கன்வாடி மேலதிகாரிக்குத் தபாலில் சேர்த்தேன். மொட்டைக் கடுதாசிதான். வேறு கௌரவமான சொல் அதற்குக் கிடையாது.

மூன்று வாரம் கழித்து டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். கையில் விசாரணை நோட்டீஸும் என் மனுவின் நகலும்.

"வெள்ளிக்கிழம விசாரணை சார். வேலைய விட்டே எடுத்துடுவாங்கன்னு சொல்றாங்க. ரிட்டையராவ ரெண்டே வருஷம்தான் இருக்குது. எனக்கு ஆபீஸ் பாஷை வராது. நீங்க பதில் எழுதிக் குடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் மனுவை நானே முதன்முறையாகப் படிப்பதுபோல் படித்தேன். "எழுதினவர் நல்லாப் படிச்சவர் போல இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஆமா சார், ஒரு எழுத்துப் பிழை இல்ல."

ஒவ்வொரு குற்றச்சாட்டாக நான் வாசிக்க, அவர் பதில் சொன்னார்.

"திங்கள், பத்து இருபத்தைந்து. சாயப்பட்டறை வாசலில் கால் மணி நேரம் நூலை வேடிக்கை பார்த்தனர்."

"எது ஈரம், எது காஞ்சதுன்னு தொட்டுப் பாத்துச் சொல்லுச்சுங்க சார். அரக்கு, மாம்பழ மஞ்ச, மயில் கழுத்து, எல்லாம் சொல்லும். உங்களுக்கு மயில் கழுத்து தெரியுமா?"

தெரியாது. அடுத்ததற்குப் போனேன். "செவ்வாய். தெருவில் நீட்டிக் கட்டியிருந்த நெசவுப் பாவு நூலுக்கு அடியில் குழந்தைகளைத் தவழவிட்டார்."

"ஒரு இழைகூடத் தொடாம பதினெட்டும் அந்தாண்ட போச்சு. மொத நாளு ரெண்டுதான் போச்சு. ஒடம்ப வளைக்கணும், கண்ணால அளக்கணும், முன்னாடி போறது நவுர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும். இதெல்லாம் இப்ப வரலைன்னா எப்ப சார் வரும்?"

"புதன். ஒரு குழந்தை செருப்பு வாரை மாட்டி முடிக்கும் வரை அனைவரும் பத்து நிமிடம் தெருவில் நின்றனர்."

"நான் மாட்டிவுட்டா ஒரு நிமிஷம் சார். ஆனா, நாளைக்கும் அது கால நீட்டிக்கினு என்னியே பாக்கும்."

அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. என் மகனுக்கு மூன்று வயதில் சிலேட்டைக் கொடுத்து, அடிஸ்கேலோடு எதிரே உட்கார்ந்தவன் நான். அவன் செருப்பை நானே மாட்டி இழுத்துக்கொண்டு போவேன். ஏதாவது கேட்டால், "முதல்ல எழுது" என்பேன். நன்றாகத்தான் படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் போன் செய்து, நான் கேட்பதற்கெல்லாம் தவறில்லாமல் பதில் சொல்கிறான். அவனாக என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதை ஒழுக்கம் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

"டீச்சர், இந்த மனுவை எழுதினது நான்தான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"பத்தேகாலுக்கு உங்க ஜன்னல் தொறக்கும், நாங்க போனதும் மூடும். பசங்க டெய்லி டாட்டா காட்டுச்சுங்க. நீங்க நிமிரவே இல்ல, எழுதிக்கினே இருந்தீங்க."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்தீங்க?"

"வேற யாரு சார் எங்கள ரெண்டு வாரம் உக்காந்து பாத்தாங்க? பெத்தவங்களே பாத்ததில்ல."

வெள்ளிக்கிழமை நானும் போனேன். அதிகாரி ஓர் இளம்பெண். "தினசரிப் பதிவேடு எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. டீச்சர் அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை. நான் எழுந்து, மனு என்னுடையது என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே அந்தக் குழந்தைகள் அன்று என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்த பதிலை நீட்டினேன்.

அந்தப் பெண் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தார். "பெரியவரே, இவ்வளவு விவரமா எந்த சென்டர்லயும் ரெக்கார்டு இல்ல. இது புகாரா, பதிவேடா?" என்றார். ஊர்வலம் போகலாம், முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடிக்கவேண்டும் என்று உத்தரவானது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் முக்கால்வாசி இடம் டீச்சருடையது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"ரெண்டு வாரம் எழுதுனீங்க. ரெண்டு வியாழக்கிழமையும் காணோமே சார்? அன்னிக்குத்தான் பசங்க நல்லாப் பாடுச்சுங்க."

"வியாழக்கிழமை எனக்குப் பல் வலி டீச்சர்."

"நல்லா வலிச்சுது போங்க."

போன வருடம் டீச்சர் ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு தென்னேரிக்குப் போய்விட்டார். அதுவரை இரண்டு வருடம் கொடி பிடித்தவனும், அவருடைய பதிவேட்டை நாள் தவறாமல் எழுதியவனும் நான்தான். அந்த இரண்டு வருடத்தில் ஒரு வியாழக்கிழமைகூட எனக்குப் பல் வலிக்கவில்லை.