சூனியக்காரி தலையில் விழுந்த தேசிக்காய்

பலெர்மோ நகரத்தில் யாரையும் பயமுறுத்தத் தெரியாத ஒரே பிறவி, எங்கள் மேல்மாடியில் இருந்த சூனியக்காரிதான். பூனைகூட அவரைக் கண்டு ஒதுங்காது. ஒதுங்கியது நாங்கள் மட்டும்.

இப்போது இருக்கும் கால்சாப் பகுதிக்குக் குடிவருமுன் அதே நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லரோச் சந்தையின் கூச்சல் யன்னல் வழியே ஏறிவரும் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தோம். எங்களுக்கு இரண்டாம் மாடி, அவருக்கு மூன்றாம் மாடி. நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் கட்டடம் முழுவதும் ‘ஸ்த்ரேகா’ என்றே சொன்னது. இத்தாலிய மொழியில் சூனியக்காரி. பகலில் ஒரு பல் வைத்தியரிடம் நோயாளிகளை வரிசைப்படுத்தும் வேலை.

“ஊசியோடையும் குறட்டோடையும் நிக்கிறது அந்த மனுசன். சூனியக்காரி எண்ட பேர் எனக்கு” என்பார். அவர் பேசியது இத்தாலியன்தான். என் நினைவில் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது.

பழைய கிரேக்கத் தெய்வங்களை இந்தக் காலத்தில் திரும்பக் கும்பிடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். பூரணைக்குப் பூரணை, பொழுது சாயும் நேரத்தில் பல்கனியில் ஒரு கிண்ணம் கோதுமை வைத்து, விளைச்சலின் தாயான தெமெத்ராவுக்குப் பாட்டுப் பாடுவார். தெய்வம் பொறுத்துக்கொண்டது. நாங்கள்தான் யன்னலைச் சாத்தினோம்.

அவருக்குக் கோபம் வருவது தொலைக்காட்சியில் சூனியக்காரி வந்தால் மட்டும். கூரான தொப்பி, மூக்கில் மரு, கொதிக்கிற அண்டா. உடனே அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போகும். கூடவே தன் மூக்கின் படங்கள் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மரு இல்லை என்பதற்கு அத்தாட்சி! ஒக்டோபர் கடைசியில் வரும் பேய்வேட நாளில் கூரான தொப்பி போட்ட பிள்ளைகள் இனிப்புக் கேட்டு வந்தால், தன் சமயத்தைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கிவிட்டுத்தான் கொடுப்பார். இனிப்புக்கு அதுதான் விலையாக்கும் என்று பிள்ளைகளும் பொறுமையாகக் கேட்கும்.

“எங்கடை படங்களிலையும் மந்திரவாதி எண்டால் மண்டையோடுதானே. பாவம் அவ” என்றாள் என் மனைவி.

“பாவம்தான். எண்டாலும் பிள்ளையளை மேலை விடாதை” என்றேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அந்த வருடம் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். எங்கள் வழக்கப்படி, கண்ணூறு படாமலிருக்க, சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய் வைத்து நசித்தேன். இன்னொன்றை வெட்டி, குங்குமம் தடவி, முற்றத்து வாசலின் இரு பக்கமும் வைத்தேன். பிறகு கூட்டி அள்ளப் போனபோது மனைவி மறித்தாள்.

“இஞ்சேருங்கோ, நாவூறு கழிச்சதைத் தொடக்கூடாது. அப்பிடியே விடுங்கோ.”

விட்டேன்.

மறுநாள் காலை அதைக் கண்டவர் எங்கள் வீட்டுக்காரர். கட்டடம் முழுவதும் அவருடையது, அவர் இருந்தது கீழ்த்தளத்தில். சூனியக்காரி வருகிற தொடர் ஒன்றையும் தவறவிடாதவர். இரத்தம் பூசிய எலுமிச்சம்பழம் வேறு யார் வேலையாக இருக்க முடியும்? நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினார். அது தன் வேலை இல்லை என்று ஸ்த்ரேகா எவ்வளவோ சொன்னார். யார் கேட்டது? மாத முடிவில் அவருடைய வாடகை ஒப்பந்தம் முடிகிறது, இனிப் புதுப்பிக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டு இறங்கினார். ஸ்த்ரேகா பதினெட்டு வருடம் இருந்த வீடு அது.

நான் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம். படியில் ஸ்த்ரேகாவைக் கண்டால் கைபேசிக்குள் முகத்தைப் புதைத்தேன். வீட்டில் மனைவி சோறு போடும்போதெல்லாம் “சொல்லிட்டியளோ?” என்பாள். “நாளைக்கு” என்பேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், மேலே பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மனைவி அகப்பையை வைத்தாள்.

“நீங்கள் போறியளோ, நான் போகட்டோ?”

போனேன். அதற்குள் கீழே இறங்கி, வீட்டுக்காரரிடம் கதவுத் திறப்பை எப்போது கொடுப்பது என்று ஸ்த்ரேகா கேட்டுக்கொண்டு நின்றார். இருவர் முன்னிலையிலும் சொன்னேன்.

“அந்தத் தேசிக்காய் நான் வைச்சது. எங்கடை சமய வழக்கம்.”

வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மனுசன் முகம் மலர்ந்துவிட்டது!

“அட, உங்கடை சமயமோ! கோயில், திருவிழா எல்லாம் இருக்கிற சமயமெல்லோ. முதலே சொல்லியிருக்கலாமே” என்று தோளில் தட்டினார்.

அதே தேசிக்காய், அதே குங்குமம். ஸ்த்ரேகாவின் கை வைத்தால் சூனியம், என் கை வைத்தால் வழிபாடு. சந்தோசப்படுவதா, கூனிக்குறுகுவதா என்று தெரியவில்லை.

“எனக்குக் கோயில் இல்லை, ஒரு பல்கனிதான் இருக்குது. அதையும் பறிக்கப் பாத்தியள்” என்றார் ஸ்த்ரேகா, மெதுவாக.

வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார். நாளைக்குப் புது ஒப்பந்தம் எழுதலாம் என்று முணுமுணுத்தார்.

இருவரும் படியேறினோம். என் வீட்டு வாசலில் நான் நிற்கவில்லை, மூன்றாம் மாடிவரை போனேன்.

“மூண்டு கிழமை. ஏன்?” என்றார்.

“பயந்திட்டன்.”

“எனக்கோ?”

“இல்லை. உங்களைப் பாக்கிற மாதிரி எங்களையும் பாப்பினம் எண்டு.”

கதவை அகலத் திறந்தார்.

“உள்ளை வாங்கோ. கோப்பையளைப் பெட்டியிலை கட்டிப்போட்டன். தேடித்தான் எடுக்கவேணும்.”

தேடி எடுத்து, ஏதோ இலைகள் போட்டுக் கொதிக்க வைத்துத் தந்தார். கசாயம் தோற்றுவிடும், அப்படி ஒரு கசப்பு. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த வீட்டிலிருந்து எழும்பி வர எனக்கு மனம் வரவில்லை.